லேபிள் எழுதும் வேலைக்கு ஒரு மனு

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், ராயல் சொசைட்டி, கார்ல்டன் ஹவுஸ் டெரஸ், லண்டன்.

பொருள்: சங்கத்தின் பழைய கருவிகள், கையெழுத்துப் படிகள், உருவப்படங்கள் ஆகியவற்றுக்கு லேபிள் எழுதும் வேலை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே,

உங்கள் நாட்டு அறிஞர்களுக்கு மனுப் போடுவது எங்கள் ஊரில் பழைய வழக்கம். 1913 ஜனவரியில், மதராஸ் துறைமுகக் கணக்குப் பிரிவில் வருஷம் 20 பவுண்டு சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா கேம்பிரிட்ஜுக்கு அப்படி ஒன்று எழுதினார். ஐந்து வருஷம் கழித்து உங்கள் சங்கமே அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. என் மனுவில் தேற்றம் எதுவும் கிடையாது, கணக்கில் நான் சுமார்தான். ஒரு பெட்டிக்குள் இருப்பதை உள்ளபடி நாலு வரியில் எழுதத் தெரியும். கற்றறிந்தோர் சங்கங்களின் காட்சிக்கூடங்களில் இந்தத் தகுதிக்குத்தான் பஞ்சம் என்று கேள்விப்பட்டேன்.

லேபிள் என்றால் இலக்கணம் என்ன? பொருளின் பெயர், செய்த ஆண்டு, கொடுத்தவர் பெயர். கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில். யாரிடமிருந்து எடுத்தார், யாரை வெளியே நிறுத்திவிட்டு எடுத்தார், யார் காசில் எடுத்தார் என்பதற்கெல்லாம் அட்டையில் இடம் போதாது. 1660-இல் தொடங்கிய ஒரு சங்கத்துக்கு மூன்றரை நூற்றாண்டாக இடம் போதாமல்தான் இருந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் சங்கத்து ஆட்களே பழைய கணக்குகளைப் புரட்டிச் சிலவற்றை ஒப்புக்கொண்டு எழுதிவருகிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஒப்புதல் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. கூட்டம் வந்து நிற்பதோ கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்.

என் கைத்திறனுக்குச் சில மாதிரிகள் தருகிறேன்.

முதலில் நியூட்டனின் தொலைநோக்கி. உங்கள் சொத்துகளில் பேர்போனது. இதுதான் முதல் பிரதிபலிப்புத் தொலைநோக்கி, 1671-இல் நியூட்டன் தன் கையாலேயே செய்தது என்று அதன் அடியில் பொறித்திருக்கிறது. அவர் முதல் தொலைநோக்கியைச் செய்தது 1668-இல். 1671 கடைசியில் உங்களுக்கு அனுப்பியது இரண்டாவது. உங்களிடம் இப்போது இருப்பதோ 1766-இல் ஹீத் அண்டு விங் என்ற கருவிக் கடைக்காரர்கள் கொடுத்தது. அப்போது நியூட்டன் மண்ணுக்குள் போய் 39 வருஷம். அதில் எந்தத் திருகு அவர் கை பட்டது, எது கடைக்காரர் கைவண்ணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கள் ஊரில் தலபுராணம் எழுதியவர்கள்கூட இதைவிடக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதினார்கள். யார் சொன்னாலும் அப்படியே நம்பிவிடாதே என்பது உங்கள் முத்திரை வாசகமாம். தொலைநோக்கிக்கு மட்டும் விலக்கு உண்டு போலிருக்கிறது. நியூட்டனின் சாவு முகமூடி இருக்கிறது, தலைமயிர் இருக்கிறது, ஆப்பிள் மரத்துத் துண்டு இருக்கிறது. அந்தத் துண்டு 2010-இல் விண்வெளி ஓடத்தில் ஏறிச் சுற்றிவிட்டும் வந்தது. சங்கத்தின் வாசலை மிதிக்க முடியாமலே செத்த மனிதர்கள் உண்டு. மரத்துண்டு சுற்றுப்பாதைக்கே போய்வந்தது.

அடுத்து, நியூட்டனின் பிரின்கிபியா நூலின் கையெழுத்துப் படி. அச்சுக்குப் போன அதே படி உங்கள் பெட்டகத்தில்தான் இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய சொத்துதான். ஆனால் 1687-இல் அதை அச்சிடச் சங்கத்திடம் காசு இல்லை. இருந்த காசை முந்தின வருஷம் மீன்களைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகத்தில் போட்டுவிட்டீர்கள். அது விலைபோகவில்லை. அப்போது உங்களிடம் எழுத்தராக இருந்த எட்மண்ட் ஹாலி தன் சொந்தப் பணத்தைப் போட்டு நியூட்டனை அச்சேற்றினார். அவருக்கு வரவேண்டிய 50 பவுண்டு சம்பளத்துக்குச் சங்கம் என்ன கொடுத்தது? விற்காமல் கிடந்த மீன் புத்தகங்களைக் கொடுத்தது. என் லேபிள் இப்படி இருக்கும்: ‘உலகின் போக்கை மாற்றிய நூல். இதற்குச் செலவு செய்யச் சங்கத்திடம் காசு இல்லை. செலவு செய்தவருக்குச் சங்கம் மீன் கொடுத்தது.’

இதெல்லாம் வேடிக்கை. சிரித்துவிட்டு நகரலாம். ராபர்ட் ஹூக் பெட்டிக்கு முன்னால் சிரிக்க முடியாது. அங்கே பெட்டியே இல்லை.

1662-இலிருந்து உங்கள் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் புதுப்புதுச் சோதனை தயார் செய்துகொண்டு வந்து நின்றவர் ஹூக். பிரபுக்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், இவர் காற்றுப்பம்பு இழுத்தார். 1703-இல் அவர் கண்மூடினார், அதே வருஷம் நியூட்டன் தலைவரானார். 1710-இல் உஃபன்பாக் என்ற ஜெர்மானியப் பயணி உங்கள் அருங்காட்சியகத்தைப் பார்க்க ஆசையோடு வந்தார். கருவிகள் தூசியும் கரிப்புகையும் படிந்து, பாதி உடைந்து, ஒழுங்கில்லாமல் கிடந்ததைப் பார்த்து மனம் வெறுத்து எழுதிவைத்தார். உலகத்துக்கே சோதனை செய்து பார்க்கச் சொல்லிக்கொடுத்த சங்கம் ஒரு துணியை எடுத்துத் துடைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பயணிக்குக் காட்டிய படங்களில் ஹூக்கின் படமும் ஒன்று. அதே வருஷம் சங்கம் கிரேன் கோர்ட்டுக்கு வீடு மாறியது. தட்டுமுட்டுச் சாமானெல்லாம் வந்து சேர்ந்தது. ஹூக்கின் படம் வரவில்லை. நியூட்டன்தான் ஒழித்துக்கட்டினார் என்று கதை உண்டு. சாட்சியம் இல்லாததால் அவர் தலையில் நான் போட மாட்டேன். வண்டியில் ஏற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், அது நியூட்டனே ஒழித்துக்கட்டியிருப்பதைவிடக் கேவலம். இன்றுவரை ஹூக்கின் முகம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல உலகத்தில் ஒரு படம் கிடையாது.

இதற்கொரு பின்கதை. 2006-இல் ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டு அலமாரியில் ஹூக் கைப்பட எழுதிய கூட்டக் குறிப்புகள் ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம் கிடைத்தன. ஏலத்துக்கு வந்தது. சங்கம் ஊரெல்லாம் நிதி திரட்டி, ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு கொடுத்து மீட்டது. தன் வீட்டுக் கணக்கு நோட்டைத் தானே சந்தையில் விலைகொடுத்து வாங்கிவந்து, பட்டுத்துணி விரித்துப் பெட்டியில் வைத்த பெருமை வேறு எந்தச் சங்கத்துக்கும் வாய்க்காது.

இனிப் பெண்கள் பகுதி. இங்கே எனக்குக் கை நடுங்கும், அட்டைகள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

1667-இல் மார்கரெட் கேவண்டிஷ் என்ற சீமாட்டி கூட்டத்துக்கு வந்தார். சில சோதனைகளைக் காட்டி வண்டியேற்றி அனுப்பினீர்கள். வந்தவர் இயற்கைத் தத்துவம் பற்றிப் புத்தகமே எழுதியிருந்தார் என்பதைவிட அவர் உடுத்திவந்த உடைதான் அன்றைக்குப் பேச்சாக இருந்தது. பிறகு மேரி சோமர்வில். 1826-இல் அவருடைய ஆய்வு உங்கள் இதழில் வந்தது. அதைச் சங்கத்தின் முன் வைத்தது அவர் கணவர், ஏனென்றால் கணவர் உறுப்பினர். பின்னாளில் உறுப்பினர்கள் மனமுவந்து சந்தா போட்டு, சான்ட்ரி என்ற பேர்போன சிற்பியிடம் சொல்லி, சோமர்வில்லின் மார்பளவுச் சிலையைப் பளிங்கில் செதுக்கிக் கூடத்தில் வைத்தார்கள். அம்மையார் அப்போது உயிரோடுதான் இருந்தார். அவரை உறுப்பினராக்க விதி இடம் கொடுக்கவில்லை. சிலைக்கு விதி தடை சொல்லவில்லை. பெண் உள்ளே வரலாம், ஆனால் பளிங்காக வர வேண்டும். கழுத்துக்குக் கீழே நின்றுவிட வேண்டும். கை இருக்கக் கூடாது, வாக்களிக்கக் கையைத் தூக்கிவிடுவாளோ என்ற பயமாக இருக்கலாம்.

ஹெர்த்தா அயர்ட்டன் பளிங்கு இல்லை, ரத்தமும் சதையும். மின்வில் விளக்கு ஏன் சீறுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர். 1902-இல் அவர் பெயரை முன்மொழிந்தார்கள். சங்கம் வக்கீலைக் கேட்டது. கல்யாணமான பெண்ணை உறுப்பினராக்கச் சட்டத்தில் வழியில்லை என்று வக்கீல் சொன்னார். ஈர்ப்பு விசையை மட்டும் வக்கீலைக் கேட்காமலே ஒப்புக்கொண்ட சங்கம் இது. 1904-இல் தன் கட்டுரையை அவரே கூட்டத்தில் படிக்க அனுமதி கிடைத்தது. 1906-இல் ஹியூஸ் பதக்கமும் கொடுத்தீர்கள். பதக்கம் கழுத்துக்கு, நாற்காலி கணவருக்கு. அவர் கணவர் ஏற்கெனவே உறுப்பினர். 1919-இல் பெண்ணென்ற காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. அதன் பிறகும் நான்கு வருஷம் அயர்ட்டன் உயிரோடு இருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. கேத்லீன் லான்ஸ்டேலும் மார்ஜரி ஸ்டீஃபன்சனும் உறுப்பினரானது 1945-இல். உலகப் போரே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது, இனித் தள்ளிப்போட ஒரு காரணமும் அகப்படவில்லை. 285 வருஷம்! ஒரு வால்நட்சத்திரத்தின் பாதையை அதற்குள் மூன்று தடவை சரிபார்த்து முடித்துவிட்டீர்கள்.

வால்நட்சத்திரம் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். அவருக்கு முன்னால் சங்கத்தின் பணப்பெட்டிக்கு ஒரு லேபிள் எழுத வேண்டியிருக்கிறது.

அறிவை வளர்க்கக் காசு வேண்டும், காசைக் குட்டிபோட விட வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சங்கம் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பங்குகளை வைத்திருந்தது. பிறகு சவுத் சீ கம்பெனியின் பங்குகள். இரண்டும் மனிதர்களைப் பிடித்து, கப்பலில் அடைத்து, கடல் கடந்து விற்ற கம்பெனிகள். முதல் கம்பெனிக்கு லேபிள் போடும் பழக்கம் இருந்தது. அட்டையில் அல்ல, பழுக்கக் காய்ச்சிய இரும்பால், உயிருள்ள தோலில். அந்த எழுத்துகள் கம்பெனியின் சொத்து என்று தெளிவாகச் சொல்லின. உங்கள் கூடத்து லேபிள்கள் ஏன் இவ்வளவு நாசூக்காக மழுப்புகின்றன என்று யோசித்ததுண்டு. தெளிவாக எழுதுவது எப்படி என்று காசு கொண்டுவந்த கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. காசு வாங்கிய இடத்தில்தான் மறந்துபோனது.

நியூட்டனுக்குப் பிறகு 1727-இல் தலைவரானவர் ஹான்ஸ் ஸ்லோன். மனைவி வழியில் ஜமைக்காக் கரும்புத் தோட்டத்து வருமானம் அவருக்கு வந்தது. தோட்டத்தில் வெட்டியவர்களுக்கு என்னென்ன தண்டனை கொடுத்தார்கள் என்பதையும் செடிகொடிகளை விவரித்த அதே கையால், அதே நிதானத்தோடு எழுதிவைத்திருக்கிறார். அவருடைய திரட்டுதான் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அஸ்திவாரம். உங்கள் சொந்த அருங்காட்சியகத்தையும் 1781-இல் அங்கேயே தள்ளிவிட்டீர்கள், புது இடத்தில் வைக்க இடமில்லை என்று. இடமில்லாத சங்கடம் உங்களை விட்டபாடில்லை.

இப்போது அந்த மனிதர். ஃபிரான்சிஸ் வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்த கறுப்பர், சுதந்திர மனிதர், லண்டனில் சட்டம் படித்தவர். 1716-இல் அவர் பெயர் உங்கள் சங்கத்துக்கு முன்மொழியப்பட்டது. தலைவர் நாற்காலியில் நியூட்டன். பெயர் எடுபடவில்லை. தோலின் நிறத்துக்காகத்தான் தள்ளினார்கள் என்று 1771-இல் லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. வில்லியம்ஸ் ஜமைக்காவுக்குத் திரும்பிப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1774-இல் எட்வர்ட் லாங் என்ற தோட்ட முதலாளி ஜமைக்கா வரலாறு எழுதுகிறேன் என்று கிளம்பி, கறுப்பருக்கு அறிவு வராது என்பதற்கு இவரையே உதாரணமாக்கிக் கேலி செய்தார்.

வில்லியம்ஸின் ஓர் உருவப்படம் உங்கள் லண்டனிலேயே, சவுத் கென்சிங்டனில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1928 முதல் இருக்கிறது. புத்தக அலமாரி, உருண்டைகள், மேசைமேல் விரித்த நூல், நடுவில் பொய்முடி தரித்து நிற்கும் கறுப்பர். ஒல்லிக் காலும் பெரிய தலையுமாக இருப்பதால் இது கேலிப்படமாகத்தான் இருக்கும் என்று படித்தவர்கள் பலர் முடிவு கட்டினார்கள். கறுப்பர் ஒருவர் நூலகத்தில் நின்றால் கேலி இல்லாமல் வேறென்ன? அண்மையில் ஒருவழியாக ஒரு வரலாற்றாசிரியர் படத்தை நுணுக்கமாக ஆராய வைத்தார். விரித்திருக்கும் நூல் பிரின்கிபியாவின் மூன்றாம் பதிப்பு, வால்நட்சத்திரப் பாதையைக் கணிப்பது பற்றிய பக்கம். சன்னலுக்கு வெளியே வானில் தெரிவது 1759-இல் திரும்பிவந்த ஹாலியின் வால்நட்சத்திரம். நியூட்டனின் கணக்குச் சரி, ஹாலியின் சொல் பலித்தது என்று ஜமைக்காவில் ஒரு கறுப்பர் படம் வரைய வைத்து, கையெழுத்துப் போடாத குறையாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். யாருக்கு? தன்னைத் தள்ளிவிட்ட சங்கத்துக்கு. அந்தப் படத்தைக் கடன் வாங்கி உங்கள் தொலைநோக்கிக்கு நேர் எதிரே மாட்டுங்கள். லேபிளை நான் இனாமாக எழுதித் தருகிறேன்: ‘இவர் கணக்கைப் படித்துப் பார்த்தார். சங்கம் இவரைப் பார்த்தது.’

எங்கள் ஊர்க்காரருக்கு வருவோம். மனு அவரில்தான் தொடங்கியது, மரியாதைக்காவது அவரைக் கடைசியில் நிறுத்த வேண்டும்.

அந்தக் குமாஸ்தா ராமானுஜனின் மார்பளவு வெண்கலச் சிலை ஒன்று உங்களிடம் இருக்கிறது. அது எப்படி வந்தது? 1920-இல் 32 வயதில் அவர் செத்துப்போனார். கடைசி வருஷத்துத் தாள்கள் மதராஸ் பல்கலைக்கழகத்திலிருந்து, 1913 மனுவைக் கேம்பிரிட்ஜில் பெற்ற கணித அறிஞர் ஹார்டிக்குப் போய், அவரிடமிருந்து இன்னொரு கணித அறிஞரான வாட்சனிடம் போயின. 1965-இல் வாட்சன் இறந்தார். அவருக்கு இரங்கல் வரலாறு எழுதுமாறு விட்டேக்கர் என்ற கணித அறிஞரைச் சங்கம் பணித்தது. விட்டேக்கர் அவர் வீட்டுக்குப் போனபோது படிப்பறைத் தரையெல்லாம் முழங்கால் பாதி உயரத்துக்குக் காகிதம். சில நாள்களில் கொளுத்திவிடுவதாக ஏற்பாடு. அந்தக் குப்பையில்தான் ராமானுஜனின் தாள்கள். இறந்தவர் வாங்கிய விருதுகளைப் பட்டியலிடப் போன ஆள் கையை விட்டுக் கிளறியதால் தப்பின. பிறகு கேம்பிரிட்ஜ் நூலகத்தில் போய்ப் படுத்து, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற கணித அறிஞரின் கண்ணில் பட்டன. ‘தொலைந்த நோட்டு’ என்று உலகம் கொண்டாடுகிறது. நோட்டு எங்கே தொலைந்தது? இரண்டு உறுப்பினர்களின் கையில் பத்திரமாக இருந்து தொலைந்தது.

முகமும் அப்படித்தான். 1936 வாக்கில் ஹார்டிக்குத் தன் புத்தகத்தில் போட நல்லதாக ஒரு படம் வேண்டியிருந்தது. இருந்தவை சரியில்லை. வானியற்பியலாளர் சந்திரசேகர் திருவல்லிக்கேணியில் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப்போனார். அவர் கணவரின் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். இன்று உலகம் அறிந்த அந்த முகம் அதிலிருந்து எடுத்தது. பல்கலைக்கழகம் கொடுத்த மாதம் 20 ரூபாயை வைத்துக்கொண்டு, தையல் தைத்துப் பிழைத்த ஒரு விதவையின் பெட்டி உங்கள் பெட்டகங்களைவிட ஒழுங்காக இருந்தது. தூசி படியவில்லை, வீடு மாறும்போது தொலையவில்லை, எரிக்க யாரும் நாள் குறிக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊரையும் இழுத்துப்போட்டு உதைத்தால்தான் மனு நியாயமாக இருக்கும். கடல் கடந்தவன் என்று அவர் சாவுக்கே வராமல் நின்ற சொந்தங்கள் உங்கள் தேசத்தவர் அல்ல. சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று 1980-களின் தொடக்கத்தில் எண்பது வயதுக் கிழவியான அதே ஜானகி பத்திரிகைக்காரரிடம் கேட்டார். கேட்டது உங்களிடம் இல்லை, எங்களிடம். மேடை போட்டு, மாலை போட்டு, அறிவிப்புப் போட்டு நாங்கள் கலைந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. கேள்வி அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆஸ்கி என்ற கணித அறிஞரின் காதில் விழுந்தது. அவர் சக அறிஞர்களிடம் சந்தா வசூலித்தார், பால் கிரான்லண்ட் என்ற சிற்பி அந்த பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து வார்த்தார். ஜானகி அம்மாளுக்கு ஒரு சிலை வந்து சேர்ந்தது. இன்னொன்றைச் சந்திரசேகர் 1994-இல் உங்களுக்குக் கொடுத்தார். ஆக, அந்தச் சிலைக்கு என் லேபிள்: ‘முகம்: ஜானகி பாதுகாத்தது. வெண்கலம்: முன்பின் தெரியாதவர்கள் வாங்கிக்கொடுத்தது. மதராஸும் லண்டனும் சேர்ந்து செய்தது: திறப்பு விழாவில் கைதட்டியது.’

சம்பள விஷயம். வருஷம் 50 பவுண்டு போதும், ஹாலிக்குப் பேசிய அதே தொகை. ரொக்கமாக வேண்டும். மீன் புத்தகம் அனுப்பினால் பெற்றுக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர், சென்னை.

பி.கு.: உங்கள் கட்டடத்தின் ஒரு பகுதி முன்பு ஜெர்மன் தூதரகமாக இருந்ததாமே. வாசலை ஒட்டி, 1934-இல் செத்த தூதரின் நாய்க்கு ஒரு சின்னக் கல்லறைக் கல் இருக்கிறது. பெயர் போட்டு, விசுவாசமான துணை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒன்றைத் தொட மாட்டேன். அதில் திருத்த எதுவும் இல்லை.